தூத்துக்குடியிலிருந்து லே எவ்வளவு தூரம்?



என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது லடாக்கில் லே. போன மாசம் ஆச்சிக்கு உடம்பு முடியாமப் போனபோது அம்மா கேட்டாள்: "ஏல, நீ படிக்கிற பிள்ளைதானே! ஒரு அவசரம்னா அண்ணன் எம்புட்டு நேரத்துல வந்து சேருவான்?" சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

முதலில் தூரம். தூத்துக்குடி விமான நிலையம் வட அட்சம் 8 பாகை 43 கலை. லே 34 பாகை 8 கலை. வித்தியாசம் 25 பாகை 25 கலை, அதாவது 1525 கலை. அட்சத்தில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. ஆகவே,

1525 × 1.852 = 2824 கி.மீ.

தீர்க்கத்தை விட்டுவிட்டாயே என்பீர்கள். இரண்டு ஊருக்கும் அதில் அரைப் பாகைகூட வித்தியாசமில்லை. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 48 கி.மீ. தான். பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுப் பாருங்கள், விடை அரை கி.மீ. கூடக் கூடாது! லே நமக்கு நேர் வடக்கே இருக்கிறது.

அடுத்து நேரம். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ. என்று வைத்தால் 3 மணி 24 நிமிடம். ஏற, இறங்க அரை மணி கூட்டினால் ஏறக்குறைய 4 மணி நேரம்.

ஆனால் அப்படி நேர் விமானம் கிடையாது. தூத்துக்குடி–சென்னை 530, சென்னை–டெல்லி 1760, டெல்லி–லே 620. ஆக சுமார் 2910 கி.மீ. சுற்றுவழி என்றாலும் அதிகம் 85 கி.மீ. தான். நேரத்தைத் தின்பது தூரமல்ல, காத்திருப்பு.

அதற்கும் காரணம் உண்டு. லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3256 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறைவு. இஞ்சின் இழுவையும் இறக்கையின் தூக்குவிசையும் குறையும். மதியம் வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகிவிடும், மலைக்காற்றும் பலமாக வீசும். அதனால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும்.

இதனால் ஒரு வேடிக்கை! அண்ணன் காலையில் லேயில் ஏறினால், எல்லாம் கூடி வந்தால் அன்று ராத்திரிக்குள் வீட்டில் இருக்கலாம். திரும்பும்போதோ டெல்லியில் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆகவேண்டும். தூரம் ஒன்று, நேரம் இரண்டு. பனி கொட்டினால் அந்தக் கணக்கும் இல்லை.

அம்மாவிடம், "வானம் தெளிவா இருந்தா ஒரே நாள்ல வந்துருவான்மா" என்றேன். அன்றிலிருந்து வானிலைச் செய்தியில் லே பெயர் வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

நீங்களும் உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தீர்க்க வித்தியாசம் அதிகமானால் மட்டும் பிதாகரஸ் போதாது, கோளத் திரிகோணமிதி வேண்டும்.