நீருக்குள் ஒரு தாகம்

நீரிலேயே மூழ்கியிருப்பவனுக்குத் தாகம் எங்கிருந்து வரும் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், முதுகில் சிலிண்டரைச் சுமந்து அந்தமான் கடலில் பவழப்பாறை காண இறங்குகிறவனுடைய தேகம், படகில் நிழலில் அமர்ந்திருப்பவனுடைய தேகத்தைக் காட்டிலும் விரைவில் வறண்டு போகிறது. ஈரம் நீக்கியே சிலிண்டரில் அடைக்கப்பட்ட காற்றை ஒவ்வொரு சுவாசத்திலும் நனைத்துத் தரும் வேலை நம் சுவாச உறுப்புகளின் தலையில் விழுகிறது. அது போதாதென்று, நீரின் அழுத்தமும் குளிரும் கைகால்களின் ரத்தத்தை மார்புக்குள் தள்ள, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக மயங்கிய இருதயம், அதனை வெளியேற்றும்படி சிறுநீரகங்களுக்குச் சமிக்ஞை அனுப்பிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்துக்குளித்தவர்களுக்குச் சிலிண்டர்க் காற்றின் வறட்சி இல்லை. இந்த இரண்டாவது உபத்திரவம் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

சிறுநீர் தெளிவாயிருந்தால் கவலையில்லை என்னும் நம்பிக்கை இங்கேதான் இடறுகிறது. கரையில் அது நல்ல அடையாளமே. கடலிலிருந்து ஏறியவனுக்கோ, இருதயத்தின் மயக்கத்தால் இழந்த நீரே தெளிவாக வெளிவருகிறது.

காலையில் ஒரு காபி குடித்தால் உடல் வறண்டுவிடும் என்பது, பழக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, வீண் பயம். முந்தைய இரவின் மது விஷயத்தில் அப்படிச் சொல்வதற்கில்லை.

எல்லாவற்றிலும் அபாயமானது, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவனை ‘பெண்ட்ஸ்’ அண்டாது என்னும் நம்பிக்கை. ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலேறும்போது குமிழிகளாகிவிடுவதே அந்நோய் என்பதை உடலியலாளர் பால் பெர்ட் 1878-லேயே விளக்கினார். ஆடுகளைச் சோதித்து, படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908-ல் மற்றோர் உடலியலாளரான ஹால்டேன் வகுத்தார். உடல் நீர் குறைந்த பன்றிகளுக்கு அந்நோய் கடுமையாக வருவது பிற்காலச் சோதனைகளில் தெரிந்ததால் தண்ணீர் அவசியந்தான். ஆயினும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை வேகத்தில் ஏறினோம் என்பவையே பிரதான காரணங்கள். இறங்குமுன் லிட்டர் கணக்கில் குடிப்பதோ, ஏற்கெனவே ரத்தம் நெருக்கும் மார்பில் மேலும் சுமையேற்றி, நுரையீரலில் நீர் கோக்கவும் இடம் தரக்கூடும்.

ஆதலால் முதல் நாளிலிருந்தே சிறுகச் சிறுகக் குடியுங்கள்; நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள்; கரையேறிய பின் மூட்டு வலியோ மரமரப்போ கண்டால், ஆக்ஸிஜன் தரச் சொல்லி, தாமதமின்றி வைத்தியரிடம் செல்லுங்கள்.