குடல் அறுவைக்குப் பின் வாழ்வு: நாம் அறிய வேண்டியவை



குடலில் புற்றுநோய், அடைப்பு, ஆறாத புண் முதலிய வியாதிகளினால் சிலருக்குக் குடலின் ஒரு பகுதியை அறுத்தெடுக்க நேரிடுகிறது. அதன் பின் மலம் வழக்கமான வழியில் செல்ல இயலாவிட்டால், டாக்டர்கள் குடலின் நுனியை வயிற்றின் மேற்புறம் கொணர்ந்து ஒரு வாய் அமைத்து விடுகிறார்கள். அதன் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

நமக்கு இந்தச் சிகிச்சை நடந்து மூன்று வருஷமாகிறது. அல்லாஹ்வின் கிருபையால் இன்றும் காலை 7 மணிக்குக் கடை திறக்கிறோம். ஆனால் நம்மவரில் இந்நிலைக்கு ஆளானோர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. நாற்றம் வருமோ என்று கல்லாவில் உட்காருவதை விட்டவர் உண்டு. ஒளு நிற்குமோ என்று ஜும்ஆவுக்கு வருவதையே நிறுத்தியவர் உண்டு. எல்லாவற்றையும் விடக் கொடியது, பைக்குப் பயந்து அறுவையையே தள்ளிப் போடுவது. அது உயிருக்கே ஆபத்து. ஆகையால் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. குடல்வாய் என்பது யாது?

பெருங்குடலில் அமைப்பதைக் கோலோஸ்டமி என்றும், சிறுகுடலில் அமைப்பதை இலியோஸ்டமி என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். முன்னதில் மலம் பெரும்பாலும் கெட்டியாக வரும். பின்னதில் நீராக வரும். குடல்வாய் நம் உதட்டின் உட்புறம் போல் சிவந்து ஈரமாயிருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது சொட்டு இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதை இறுக்கி அடக்கும் தசை இல்லாமையால், மலமும் வாயுவும் வரும் நேரம் நம் கையில் இல்லை. அதற்காகத்தான் பை.

1954ல் டென்மார்க்கில் எலிஸே ஸோரென்ஸன் என்னும் தாதி, இதே அறுவை செய்துகொண்ட தம் சகோதரி வெளியே செல்ல அஞ்சுவதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். இன்று உலகெங்கும் லட்சக்கணக்கானோர் மானத்தோடு நடமாட அதுவே வழி வகுத்தது.

2. பையைப் பேணும் முறை

பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். கனம் ஏறினால் ஒட்டு விட்டுப்போகும். தோலில் ஒட்டும் தகட்டின் துவாரத்தைக் குடல்வாயைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்டுக. பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வற்றி வாய் சிறுத்து வருமாதலால், அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

சுற்றிலும் வெறும் தண்ணீரால் கழுவி, ஈரமின்றி ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெய், பவுடர், அத்தர் எதுவும் அங்கே தடவலாகாது, ஒட்டுப் பிடிக்காது. நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் ஒட்டு சீக்கிரம் தளர்வதால், கசியும் வரை காத்திராமல் கணக்காக மாற்றிவிடுக.

வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: சரக்குத் தீருமுன் வாங்க வேண்டும். கடை மேஜையில் இரண்டு பையும் ஒரு மாற்றுச் சட்டையும் எப்போதும் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வேனில் பைகளை வைக்காதீர்கள். ஊருக்கு விமானத்தில் போகும்போது, வீட்டிலேயே வெட்டி வைத்த பைகளைக் கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

3. ஆகாரமும் வேலையும்

உடல் தேறிய பின் பெரும்பாலும் எல்லாம் சாப்பிடலாம். ஆனால் மென்று சாப்பிட வேண்டும். முட்டைக்கோஸ், வெங்காயம், பருப்பு, சோடா பானங்கள் வாயுவை உண்டாக்கும். மீன், முட்டை, பூண்டு ஆகியவை நாற்றத்தை மிகுக்கும். சிறுகுடல் வாயுள்ளவர்கள் சோளம், நிலக்கடலை, தேங்காய்த் துருவல், காளான் இவற்றில் கவனமாயிருக்க வேண்டும், அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறுவதால் தாகம், மயக்கம், சிறுநீர் குறைதல் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மெல்லக் கரையும் மாத்திரைகள் அவர்களுக்குக் கரையாமலே வெளியேறலாமாதலால், மருந்து வாங்கும்போதே இதைத் தெரிவிக்க வேண்டும்.

அரிசி மூட்டை, எண்ணெய் டின் தூக்குவதை டாக்டர் அனுமதிக்கும் வரை விட்டுவிடுக. குடல்வாயின் பக்கத்தில் குடல் பிதுங்கிவிடும். தூக்கப் பையன்கள் இருக்க, முதலாளி தூக்கிக் காட்ட வேண்டியதில்லை.

4. தொழுகையும் நோன்பும்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல வியாதி இருந்தது. தொழுகை எப்படி என்று அவர்கள் கூச்சமின்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். இயன்றவாறு தொழும் வழியும் கிடைத்தது. நாம் கேட்கக் கூசுவானேன்?

மலம் இடைவிடாது வெளியாகிறவருக்கு, தொடர் உதிரப்போக்குடைய பெண்களுக்குள்ள சட்டமே பொருந்தும். ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்லுக்கும் ஒளு வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும் வரை இதனால் ஒளு முறியாது. ஒளுவுக்கும் தொழுகைக்கும் போதுமான இடைவெளி கிடைப்பவர் அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். தம் நிலையை ஆலிமிடம் விவரமாய்ச் சொல்லித் தெளிவு பெறுக. பையில் மலம் வெளியாவதால் நோன்பு முறியாது. ஆயினும் சிறுகுடல் வாயுள்ளவர் ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அடையாளங்கள்

குடல்வாய் கருத்தோ நீலம் பாய்ந்தோ போதல். இரத்தம் நில்லாமல் வருதல். பல மணி நேரம் ஒன்றும் வெளியாகாமல் வயிற்றுவலியும் வாந்தியும் காணுதல். இவற்றில் எது கண்டாலும் கடையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

சகோதரர்களே! வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மனைவியும் மகனும் பை மாற்றும் முறையை ஒரு தடவையேனும் கண்டிருக்கட்டும். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பயின்ற தாதிகள் இருக்கிறார்கள். தோல் வெந்தால் பொறுத்துக்கொண்டிராமல் அவர்களைக் காணுங்கள். நோயில்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: 50 வயதானவர்கள் மலத்தில் மறைவாய் இரத்தம் உண்டா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். முன்னரே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய வியாதி இது. நம் பக்கத்துக் கடைக்காரர் திடீரென்று ஜமாஅத்துக்கு வராமற்போனால், என்ன காரணமென்று தனியே சென்று விசாரியுங்கள். ஸஃப்பில் அவருக்குரிய இடம் அவருக்காகவே இருக்கிறதென்று சொல்லி அழைத்து வாருங்கள்.