பெல்ட்டும் பெருவிரலும்

திருமயம் கோட்டையை நான் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது ஃபேன் பெல்ட் புண்ணியத்தில்தான். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தபோது டாஷ்போர்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டப்பகல்தானே, சார்ஜ் ஏறாவிட்டால் என்ன, பேட்டரி தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே பானெட்டைச் சுற்றி ஆவி கிளம்பிவிட்டது.

அம்பாசடரில் டைனமோ, வாட்டர் பம்ப், ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேன் மூன்றுக்கும் ஒரே பெல்ட். அது அறுந்தால் முதலில் சொல்வது சிவப்பு விளக்கு; சூடு முள் அப்புறம்தான் ஏறும். விளக்கைப் பார்த்ததுமே ஓரங்கட்டி அணைத்திருக்க வேண்டும். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொட முடியாது, அதனால்தான் கோட்டை.

அப்பா வாங்கிய 1986 மார்க் 4 வண்டி அது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி பெல்ட் மாற்றும் வேலையை நானே செய்வதென்று. வீட்டு வேப்பமரத்தடியே போதும், ஜாக்கிகூட வேண்டாம். பானெட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றி ஒரு ஆள் உட்காரலாம்போல இடம் இருக்கும்.

முதல் தடவை பெல்ட்டை வாங்கியதிலேயே தப்பு. பழசை எடுத்துப்போய் நீளத்தை மட்டும் ஒத்துப் பார்த்து வாங்கிவந்தேன். ஓடித் தேய்ந்த பெல்ட் இழுபட்டு நீண்டிருக்கும் என்பது அப்போது தெரியாது. நீளத்தைவிட அகலம் முக்கியம். இந்தப் பெல்ட் புல்லியைப் பிடிப்பது இரண்டு பக்கச் சரிவால்தான், அடிப்பாகத்தால் அல்ல. அகலம் குறைந்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் கத்தும். பழைய பெல்ட்டின் முதுகில் எண் தெரிந்தால் அதைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுத்துவிடுவேன். எங்கள் வண்டியில் இப்போது இருப்பது ஆல்டர்னேட்டர் (எங்கள் பக்கம் அதற்கும் டைனமோ என்றே பேர்); ஸ்பேனர் அதன் ஒயர் முனையில் பட்டால் பொறி பறக்கும். அரை இன்ச் ஸ்பேனர்தான் வேண்டும். 13 மி.மீ. பொருந்துவதுபோல் இருக்கும், ஆனால் ஒரு மயிரிழை பெரிசு. துருப்பிடித்த போல்ட்டில் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும். நான் இரண்டை மழுக்கியிருக்கிறேன்.

டைனமோவை இழுத்துப் பிடிக்கும் நீளத்துளைப் பட்டையில் இருக்கும் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டுப் பலர் மல்லுக்கட்டுகிறார்கள். பட்டையின் மறுமுனை, டைனமோ தொங்கும் இரண்டு போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தினால்தான் டைனமோ இன்ஜின் பக்கம் சாயும். சாய்ந்ததும் பெல்ட் தொளதொளத்துவிடும்.

அதற்கப்புறம்தான் விளையாட்டு. பெல்ட்டை ஃபேன் இறக்கைகளைத் தாண்டி எடுக்க வேண்டும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கை நுழையும் அளவுதான் சந்து. ஒரு இறக்கையைத் தாண்டவிட்டு, ஃபேனைக் கொஞ்சம் திருப்பி, அடுத்த இறக்கை. ரேடியேட்டர் தகடு விரல் முட்டியைச் சீவிவிடும். போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டையை அந்தச் சந்தில் செருகி வைத்தேன்; என் முட்டியும் பிழைத்தது, தகடும் நசுங்கவில்லை. புதுசை அதே வழியில் உள்ளே விட்டு, வாட்டர் பம்ப் புல்லி, கீழே கிராங்க் புல்லி, கடைசியில் டைனமோ. கடைசிப் புல்லியில் ஏறவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், உள்ளே இருக்கும் நூல் அறுந்து பெல்ட் ஒரு மாதத்தில் பல்லிளிக்கும். டைனமோவை இன்னும் உள்ளே தள்ளிப் பாருங்கள். கீழ்ப் புல்லியில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மாட்டுவது பாதி வேலை. எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் என் காசு போனது. கத்தக் கூடாதே என்ற பயத்தில், கடப்பாரையால் டைனமோவை நெம்பி இழுத்துக் கட்டினேன். சத்தமே இல்லை, பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் வாட்டர் பம்ப் ஊளையிட ஆரம்பித்து, அடியில் தண்ணீர் சொட்டியது. பட்டறைப் பெரியவர் பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீணைத் தந்தி மாதிரி இழுத்து வச்சிருக்கீங்க? பம்ப் பேரிங் பாவம் இல்லையா?"

பிறகு என் பெருவிரலைப் பிடித்து, நீளமாக ஓடும் பக்கத்தின் நடுவில் வைத்து அழுத்தச் சொன்னார். அரை அங்குலம் அமுங்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது கடப்பாரை இல்லை. ஒரு மரக்கட்டையை டைனமோவின் முன்பக்கம், புல்லியை ஒட்டிய தடித்த பாகத்தில் கொடுத்து லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பட்டைப் போல்ட்டை முடுக்குவேன். நடு உடம்பில் நெம்பினால் வார்ப்பு விரியும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச்சென்றால் சிலர் சோப்பு தடவுவார்கள், சிலர் எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிக் கெடும். பக்கவாட்டைப் பாருங்கள், கண்ணாடிபோல் மின்னினாலோ, மடக்கினால் வெடிப்பு தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

போன மாதம் மறுபடி புதுசு மாட்டினேன். பெருவிரல் கணக்குப்படி சரியாக அரை அங்குலம். பிள்ளையார்பட்டி, மதுரை என்று ஒரு சுற்றுப் போய்வந்து, இன்ஜின் ஆறியதும் அழுத்திப் பார்த்தால் முக்கால் அங்குலம் அமுங்குகிறது. புதுப் பெல்ட் இழுபட்டிருக்கிறது. மரக்கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி வேப்பமரத்தடிக்குப் போனேன்.