மயக்க ஊசிக்கு முதல் நாள் மாலை

"மூதூருக்குப் படகில போனா வாந்தி வருமா அம்மா?"

நாளைக் காலை பித்தப்பை ஒப்பரேஷனுக்காகக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம் இப்படிக் கேட்டால், டொக்டருக்குப் பொழுது போகவில்லை என்றுதான் நினைப்பார். பரவாயில்லை, கேளுங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோ மயக்க மருந்துப் பிரிவில் முதல் நியமனம் பெற்று வருகிற மருத்துவ அதிகாரிக்கு, பக்கவிளைவைத் தடுக்கும் வேலை இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. தியேட்டருக்குள் போன பிறகு வருகிற பக்கவிளைவைச் சமாளிக்கத்தான் நேரம் இருக்கும். அதை வராமலே செய்யும் நேரம் முதல் நாள் மாலை வார்டில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம்.

வாந்தியையே எடுத்துக்கொள்வோம். 1999இல் அப்ஃபெல் என்ற ஜெர்மானிய மருத்துவரின் குழு இதை நான்கு கேள்விகளுக்குள் அடக்கியது. பெண்ணா? புகைக்காதவரா? பயணத்திலோ முன்னைய மயக்கத்துக்குப் பிறகோ வாந்தி எடுத்தவரா? ஒப்பரேஷனுக்குப் பின் மோர்பின் வகை வலிநிவாரணி கொடுக்கப் போகிறோமா? நான்குக்கும் இல்லை என்றால் பத்தில் ஒருவருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். நான்குக்கும் ஆம் என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு. (புகைப்பவருக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். வார்டில் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.) இரண்டு மூன்று ஆம் வந்தாலே தடுப்பு மருந்தும் இரண்டாக இருக்கட்டும். டெக்ஸாமெதசோனை நோயாளி உறங்கிய பிறகு ஏற்றுங்கள். விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் மறைவிடத்தில் தாங்க முடியாத எரிவும் கடியும் வரும். வெட்கத்தில் பலர் சொல்லவும் மாட்டார்கள். ஒண்டான்செட்ரோன் 4 மி.கி. ஒப்பரேஷன் முடியும் தறுவாயில்.

அடுத்து, தொழிலைக் கேளுங்கள். இந்த மாவட்டத்தில் அந்த ஒரு கேள்விக்குள் பாதி மருந்தியல் இருக்கிறது.

கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்கிறவரிடம், கடைசியாக எப்போது வயலுக்கு மருந்து அடித்தார், கையுறை இல்லாமலா அடித்தார் என்று விசாரியுங்கள். சுவாசக் குழாய் போடுவதற்குத் தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியத்தை உடைப்பது இரத்தத்திலுள்ள கொலினெஸ்ட்ரேஸ் என்ற நொதி. ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அதே நொதியைத்தான் முடக்குகிறது. ஐந்து, பத்து நிமிடத்தில் தெளிய வேண்டிய தளர்ச்சி அப்போது மணிக்கணக்காக இழுக்கும். நஞ்சு அருந்திப் பிழைத்துச் சில வாரங்களே ஆனவருக்கும் இதுதான் கதை. அதை உறவினர் முன்னால் கேட்காதீர்கள்.

கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் சுழியோடி வந்தால் கேள்வி வேறு. குடல்வால் அழற்சி என்று இரவில் கொண்டுவரப்பட்டவர் அன்றோ முதல் நாளோ ஆழத்துக்குப் போயிருந்தால் நைட்ரஸ் ஒக்சைட்டைத் தொடாதீர்கள். அது நைதரசனைவிட ஏறத்தாழ 34 மடங்கு இரத்தத்தில் கரையக்கூடியது. உடலில் எஞ்சியிருக்கும் நைதரசன் குமிழிக்குள் நைதரசன் வெளியேறுவதைவிட வேகமாக இது புகுந்து குமிழியை ஊதிவிடும். மூட்டு வலி, மரத்துப்போதல் இருந்ததா என்று கேட்டால், "அது எங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதானே" என்பார்கள். அதையும் எழுதிவையுங்கள்.

குடும்பத்தில் யாராவது ஒப்பரேஷன் மேசையில் இறந்ததுண்டா என்று கேட்கப் பலருக்கும் நாக்கு எழாது. 1960இல் மெல்பேர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவருக்கு முறிவைவிட மயக்க மருந்துதான் பயமாக இருந்தது. உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் தசை கொதித்து உடல் அனலாகும் அந்தப் பரம்பரை ஆபத்து உலகுக்குத் தெரிந்தது. அதைத் தூண்டுபவை ஹலோதேன், ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் போன்ற ஆவிகளும் சக்ஸமெத்தோனியமும். அடக்கும் மருந்து தன்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மி.கி. உங்களுக்கு மிக அருகில் அது எங்கே இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். கொழும்பு ஏறத்தாழ 260 கி.மீ. தூரம். நம் அயலிலும் பரம்பரைக் கதை உண்டு: இந்தியாவின் வைசிய சமூகத்தினரில் கொலினெஸ்ட்ரேஸ் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று 2006இல் வெளியான ஆய்வில் இனங்காணப்பட்டது.

குளிசை விஷயத்தில் நோயாளியின் நினைவை நம்பவேண்டாம். பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எனலப்ரில், லொசார்டன் போன்ற பிறஷர் குளிசைகளைப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் மயக்கத்தில் பிறஷர் அதலபாதாளம். அட்டெனலோல் வகையை நிறுத்தக்கூடாது. சீனி வருத்தத்துக்கு எம்பாக்ளிஃப்ளொசின் எடுப்பவர் 3 நாள் முன்பே விட வேண்டும்; விடாதவருக்குச் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகலாம். பிறகு நாட்டு மருந்து. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஊர் இது, லேகியமும் சூரணமும் வீடுதோறும் உண்டு. முகம் சுழித்தால் மறைத்துவிடுவார்கள். உள்ளி மாத்திரை இரத்தம் உறைவதைத் தாமதிக்கும், அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும், அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும். சாதாரணமாகக் கேளுங்கள், சாதாரணமாகச் சொல்வார்கள்.

ஒவ்வாமைக்கு ஒரு எச்சரிக்கை. "இறால் ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னவரின் அட்டையில் யாரோ 'அயடின் அலர்ஜி' என்று எழுதிவைத்திருப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. உண்மையான ஆபத்து எங்கே என்று 2018இல் வெளியான பிரித்தானியத் தேசிய ஆய்வு காட்டியது: ஏறத்தாழ 10,000 மயக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கடும் ஒவ்வாமை, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றுக்குக் காரணம் அன்டிபயோட்டிக். மூன்றில் ஒன்றுக்குத் தசைத் தளர்த்திகள். தோலைச் சுத்தமாக்கும் குளோர்ஹெக்சிடினும் பட்டியலில் உண்டு. எனவே அன்டிபயோட்டிக்கை நோயாளி விழித்திருக்கும்போதே, மயக்கத்துக்குச் சில நிமிடம் முன்னால் ஏற்றிவிடுங்கள். ஏதாவது வந்தால் காரணம் தெளிவாக இருக்கும், அவரே வாய்திறந்து சொல்வார். உறங்கியவருக்குத் தடிப்பு வருமென்று காத்திராதீர்கள்; முதலில் தெரிவது பெரும்பாலும் விழும் பிறஷர்தான். வளர்ந்தவருக்கு நரம்பில் அட்ரினலின் 50 மைக்ரோகிராம், அதாவது பத்தாயிரத்துக்கு ஒன்று கரைசலில் அரை மி.லீ. அதை எந்தத் தட்டில் வைத்திருக்கிறார்கள் என்று இருட்டிலும் தெரிய வேண்டும்.

இனி மருந்துக் குப்பி. 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட ஒப்பரேஷன்களை ஒத்திவைத்தது நினைவிருக்கும். அதில் அடிபட்ட பெயர் நியோஸ்டிக்மின். மலிவான, பழைய மருந்து, தசைத் தளர்ச்சியிலிருந்து மீட்பது. கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உதவிக்கு முன்வந்த செய்தி அது. அடுத்த ஆண்டு, நோயாளிகள் இறந்ததைத் தொடர்ந்து, இந்தியத் தயாரிப்பான ஒரு பியூபிவகெயின் ஊசியின் பாவனை நிறுத்தப்பட்டது. தட்டுப்பாட்டுக் காலம் கற்றுத்தந்தது இது: நேற்றைய குப்பியும் இன்றைய குப்பியும் ஒன்றல்ல. கம்பனி மாறும், செறிவு மாறும், மூடியின் நிறம் மாறும். அதனால் தொகுதி இலக்கத்தை மயக்கக் குறிப்பில் எழுதுங்கள். ஒரே மருந்துக்கு ஒரே நாளில் இரண்டு பேருக்கு விசித்திரமான விளைவு வந்தால் உடனே குப்பியை ஒதுக்கி, மருந்தாளருக்கும் மேலதிகாரிக்கும் சொல்லி, தேசிய ஒளடத ஒழுங்குமுறை அதிகாரசபைக்கு அறிவிக்கச் செய்யுங்கள். அந்தக் குப்பியை எறிந்துவிட்டால் ஆதாரமே போய்விடும்.

சிரிஞ்சிலுள்ள மருந்துகள் பெரும்பாலும் நீரைப்போலத்தான் இருக்கும். லேபலின் நிறம் சர்வதேச ரீதியில் ஒன்று: உறக்க மருந்து மஞ்சள், தசைத் தளர்த்தி சிவப்பு, மோர்பின் வகை நீலம், பிறஷர் ஏற்றுபவை ஊதா. லேபல் ரோல் தீர்ந்துவிட்டால் பிளாஸ்டரில் பேனாவால் எழுதுங்கள். பெயரில்லாத சிரிஞ்ச் யார் கையிலிருந்து வந்தாலும் வாங்காதீர்கள், அவர் உங்களைவிடப் பத்து வருடம் மூத்தவராக இருந்தாலும். சக்ஸமெத்தோனியத்துக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். வீரியம் போன மருந்துக்கு மேல் மருந்தாக ஏற்றுவதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

ஒப்பரேஷன் முடிந்ததும் அவசரம் பிடித்துக்கொள்ளும். சேர்ஜன் கையுறையைக் கழற்றியிருப்பார், அடுத்த நோயாளி தள்ளுவண்டியில் வந்திருப்பார். குழாயைக் கழற்ற முன் நரம்புத் தூண்டி காட்டும் விகிதம் 0.9ஐ எட்டவேண்டும். கருவி இல்லாத இடத்தில் தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்வது நல்ல பழக்கம், ஆனால் அது தளர்ச்சி முழுதும் போனதற்குச் சாட்சியில்லை. நியோஸ்டிக்மினோடு அட்ரோபினோ கிளைகோபிரோலேட்டோ கூடவே போகட்டும், இல்லையேல் இதயத்துடிப்பு விழும். சுகமடெக்ஸ் கிடைத்துப் பயன்படுத்தினால், கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்ணுக்கு அடுத்த 7 நாள் வேறு பாதுகாப்பும் வேண்டுமென்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு துண்டு. ஏதாவது நடந்திருந்தால், மருந்தின் பெயர், நடந்தது, திகதி மூன்றையும் நோயாளியின் மொழியிலும் ஆங்கிலத்திலும் டயக்னோசிஸ் கார்டில் எழுதி, அதை மகளிடமோ மகனிடமோ கொடுங்கள். "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் எழுதினால், அடுத்த முறை மட்டக்களப்பிலோ கண்டியிலோ இருக்கும் டொக்டர் எந்த மருந்து என்று கேட்டு இரவில் உங்களைத்தான் போனில் தேடுவார்.