கூட்டத்துக்கும் வயலுக்கும் ஒரே உடுப்பா?

காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆய்வுக் கூட்டம், மதியம் குமராட்சிப் பக்கம் சம்பா வயல். வேளாண் அலுவலர், வி.ஏ.ஓ., சுகாதார ஆய்வாளர், கள ஆய்வுக்குப் போகும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் எனப் பலருக்கும் பொழுது இப்படித்தான் போகிறது. பீரோவைத் திறந்ததும் நினைவுக்கு வருவதோ, யாரோ சொல்லிக் காதில் விழுந்தவை. அவற்றில் நான்கை மட்டும் பார்ப்போம்.

நம்பிக்கை: அதிகாரிகள் கூட்டம் என்றால் பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு பேன்ட்-சட்டை, வேறு எதுவும் கூடாது.

உண்மை: 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவே சேலையோடு சல்வார் கமீஸையும், துப்பட்டாவுடன் சுடிதாரையும் அனுமதித்தது, ஆண்களுக்கு வேட்டியும் உண்டு. கோட்டையிலேயே செல்லுபடியாகும் சுடிதாரில் வரப்பில் நடப்பதும் எளிது. சீருடை உள்ள துறைகளின் கதை வேறு.

நம்பிக்கை: பருத்தி போட்டால் போதும், புழுங்காது.

உண்மை: ஜீன்ஸும் பருத்திதான். கடலோரத்தின் ஈரக்காற்றில் வேர்வை லேசில் ஆவியாகாது. கனத்த பருத்தி நனைந்தால் காய வெகுநேரமாகும். நூலைப் போலவே தைப்பின் தளர்வும் முக்கியம். பாலைவன நாடோடிகளான பெதூயின்களின் அங்கிகளைப் பற்றி 1980-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அங்கி தளர்வாக இருந்தால், கறுப்போ வெள்ளையோ, உடம்பை எட்டும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றது. அது வறண்ட பாலைவனம். நம் புழுக்கத்துக்கும் துணிக்குள் காற்று ஓடியாக வேண்டும். ஆகவே தைப்பு தளர்வாக இருந்தால் சேறு தெரியாத பழுப்பு, சாம்பல் நிறங்களைத் தயங்காமல் எடுக்கலாம்.

நம்பிக்கை: வெயிலில் கையை மடித்துவிட்டால் குளிர்ச்சி.

உண்மை: நிழலில் சரி. வெயிலில் தோல் நேரடியாகக் காயும். தளர்ந்த முழுக்கைச் சட்டைதான் காப்பு. அதிலும் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளைத் துணி, குறிப்பாக நனைந்தபின், புற ஊதாக்கதிர்களை அதிகம் தடுக்காது. பிச்சாவரம் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த, அங்கே வளரும் மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே சிலகாலம் போகலாம்.

நம்பிக்கை: வயலில் வெறுங்கால்தான் வசதி. ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்தால் போதும்.

உண்மை: உழுத சேற்றில் பூட்ஸ் சிக்கும் என்பது சரிதான். ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவும் நெடுநேரம் ஊறிய தோல் வழியாகவும் ஏறும். வரப்புப் புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கும்; பாம்புக்கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். வரப்பில் நடக்க முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் போடுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

வண்டியில் ஒரு மாற்றுச் சட்டை, துண்டு, கூட்டத்துக்கான செருப்பு இருந்தால் போதும். வயலுக்கு உடுத்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் சட்டையை மாற்றும் ஐந்து நிமிடத்தோடு முடிந்துவிடும். கூட்டத்துக்கு உடுத்திக்கொண்டு வயலில் இறங்கினால் செலவு ஆஸ்பத்திரி வரை போகலாம்.