சிரிக்காத முகம்

திரைப்படம் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பு, நடிகர்கள் முகத்தாலும் உடலாலுமே கதை சொல்லினர். அப்படங்களை ஊமைப்படங்கள் என்பர். அக்காலத்தில் அரங்குகளைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்த ஒருவர், தாம் மட்டும் சிரிக்காமலே நடித்துப் புகழ்பெற்றார். அவரே பஸ்டர் கீட்டன்.

ஜோசப் ஃபிராங்க் கீட்டன் என்பது அவருடைய இயற்பெயர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்தார். அது அவருடைய பெற்றோரின் சொந்த ஊர் அன்று. தந்தை ஜோவும் தாய் மைராவும் ஊர் ஊராகச் சென்று, ஆடிப்பாடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்கும் குழுவில் கலைஞர்களாக இருந்தனர். போகும் வழியில் குழந்தை பிறந்தது. குடும்பம் விரைவிலேயே அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. தொடர்வண்டிப் பெட்டியும் விடுதி அறையும் மேடையின் பின்புறமுமே அவர் வளர்ந்த இடங்கள். பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

ஐந்து வயதளவில் பஸ்டர் பெற்றோருடன் மேடையேறினான். 'மூன்று கீட்டன்கள்' என்பது அவர்கள் நிகழ்ச்சியின் பெயர். அடங்காத மகனைத் தந்தை திருத்த முயல்வார். முடியாமல் தூக்கி எறிவார். சிறுவன் திரைச்சீலையின்மீதும், சில வேளைகளில் இசைக்கலைஞர்கள் அமர்ந்திருக்கும் பள்ளத்திலும் போய் விழுவான். எறிவதற்கு வசதியாக, அவன் சட்டையின் முதுகுப்புறத்தில் பெட்டியின் கைப்பிடி ஒன்றே தைக்கப்பட்டிருந்தது! அடிபடாமல் விழும் கலையை அவன் அங்கே கற்றான். இன்னொன்றையும் கற்றான்: விழுந்தெழுந்து தான் சிரித்தால் மக்கள் குறைவாகச் சிரிக்கின்றனர், ஒன்றும் நடவாததுபோல் நின்றால் அரங்கமே அதிர்கிறது. அன்று முதல் சிரிப்பை அடக்கப் பழகினான்.

இது சரிதானா என்ற கேள்வி அன்றே எழுந்தது. குழந்தைகள் நல அமைப்பினர் சிறுவனின் உடலில் காயம் உண்டா என்று சோதித்தனர். தாம் துன்புற்றதில்லை என்றே கீட்டன் பிற்காலத்தில் கூறினார். ஆயினும் ஒரு குழந்தை விழுவதால் வந்த வருவாயில் அக்குடும்பம் வாழ்ந்தது என்பதும் உண்மையே. மகன் வளர்ந்தான், தந்தையின் குடிப்பழக்கமும் வளர்ந்தது. தடுமாறும் கைகள் எறிந்தால் உயிருக்கே கேடு. 1917இல் மூவர் குழு கலைந்தது.

அவ்வாண்டே நியூயார்க்கில், ராஸ்கோ ஆர்பக்கிள் என்னும் நகைச்சுவை நடிகர் அவரைப் படப்பிடிப்புக்கு அழைத்தார். கீட்டனை முதலில் கவர்ந்தது நடிப்பன்று, கருவி. ஒளிப்பதிவுக் கருவியைப் பிரித்து, அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்த பின்னரே அவருக்கு மனம் நிறைந்தது. மேடையில் கிடைக்கவிருந்த பெருந்தொகையை விடுத்து, மிகக் குறைந்த ஊதியத்திற்குத் திரைத்துறையில் சேர்ந்தார். ஆர்பக்கிளுடன் நடித்த படங்கள் சிலவற்றில் அவர் வாய்விட்டுச் சிரிப்பதை இன்றும் காணலாம் என்பது வியப்பே. 1918இல் படைவீரராகப் பிரான்சு சென்று, செவித்திறன் குன்றித் திரும்பினார்.

1920இல் வெளிவந்த 'ஒரு வாரம்' என்னும் குறும்படம் அவரைத் தனித்து அடையாளம் காட்டியது. புதுமணத் தம்பதியருக்குப் பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அடைத்த வீடு ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. பொறாமை கொண்ட ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிட, வீடு கோணல்மாணலாக எழுகிறது. புயலில் பம்பரமாய்ச் சுழல்கிறது. இறுதியில் அது இருப்புப்பாதையில் சிக்கிக்கொள்ள, விரைந்து வரும் தொடர்வண்டி அடுத்த பாதையில் இடிக்காமல் கடந்து செல்கிறது. 'அப்பாடா' என்று மூச்சுவிடும் நேரத்தில், எதிர்த்திசையில் வந்த மற்றொரு வண்டி வீட்டைத் தூளாக்குகிறது!

1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சாய்கிறது. சாளரத் திறப்பு மிகச் சரியாக அவர் நின்ற இடத்தில் விழ, அவர் அசையாமல் நிற்கிறார். சுவர் உண்மையானது, இருபுறமும் இருந்த இடைவெளி சில அங்குலமே. அதே ஆண்டு தம் சொந்தப் படப்பிடிப்புக் கூடத்தை விட்டுப் பெருநிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். தம் விருப்பப்படி படமெடுக்கும் உரிமையை இழந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு மருத்துவர் கீட்டனைச் சோதித்தபோது, கழுத்தெலும்பு முன்னொரு காலத்தில் முறிந்து தானே கூடியிருப்பதைக் கண்டார். 1924இல் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில், தொடர்வண்டி நிலைய நீர்த்தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியபோது நேர்ந்தது அது. அக்காட்சி படத்தில் அப்படியே உள்ளது. விழுந்தவர் எழுந்து ஓடுகிறார். முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை.

சிந்தித்து எழுதுக: கீட்டனின் தந்தை மேடையில் செய்தது விளையாட்டா, கொடுமையா? நீங்கள் நடுவராக இருந்தால் எவ்வாறு தீர்ப்பளிப்பீர்கள்?