யாருடைய முதல் வீடு?

அன்புள்ள மகளுக்கு,

கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று, அடுத்த வருடம் ரொறன்ரோவிலேயே வீடு வாங்கப் போகிறோம் என்று நீ எழுதியதை வாசித்து மனம் நிறைந்தது. கூடவே ஒன்று கேட்டிருந்தாய்: ஸ்காபரோவில் உன் வருங்காலக் கணவரின் அம்மா அப்பா இருக்கும் வீட்டில் அவர் பெயரும் இருக்கிறதாம், அப்படியென்றால் முதல் வீடு வாங்குவோருக்கான சலுகைகள் உனக்குக் கிடைக்குமா என்று. இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு சலுகையும் ‘முதல் வீடு’ என்பதை வேறு வேறு விதமாக அளக்கிறது. எந்தச் சலுகை எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் ஒன்ராறியோ. வீடு கைமாறும்போது கட்டும் நில மாற்று வரியில் முதல் வீடு வாங்குவோருக்கு மாகாணம் 4,000 டொலர் வரை திருப்பித் தருகிறது. ரொறன்ரோ மாநகருக்குள் வாங்கினால் மாநகர சபையும் தனியாக ஒரு வரி அறவிடும்; அதில் 4,475 டொலர் வரை கழிவு உண்டு. ஸ்காபரோ மாநகருக்குள் அடங்கும். மார்க்கம், ஏஜாக்ஸ் அடங்காது. அங்கே அந்த இரண்டாவது வரியே இல்லை.

மாகாணத்தின் நிபந்தனை கடுமையானது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருக்க வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் அந்த வீட்டில் குடிபுக வேண்டும். இவற்றில் உனக்குச் சிக்கல் இல்லை. கவனிக்க வேண்டியது அடுத்தது. உலகில் எங்கேயும், எந்தக் காலத்திலும், ஒரு வீடோ வீட்டில் ஒரு பங்கோ உனக்குச் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. துணையைப் பற்றிய விதி சற்று வேறு: உன் துணையாக இருக்கும் காலத்தில் அவர் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது. கலியாணத்துக்கு முன்பே அவர் விற்றுவிட்டால் உன் சலுகை போகாது. கலியாணமாகும் நாளில் அவருக்கு வீடு இருந்தால், பிறகு விற்றாலும் அவருக்கும் இல்லை, உனக்கும் இல்லை. “வீட்டை உங்கள் பெயரில் மட்டும் எழுதினால் போதும்” என்று சொல்வோர் உண்டு. நம்பாதே. யார் பெயரில் எழுதினாலும் துணையைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கும்.

இனி ஒட்டாவா, அதாவது மத்திய அரசு. 2023 ஏப்ரலில் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 8,000, மொத்தமாக 40,000 டொலர் வரை போடலாம். போடும் தொகையை வருமானத்தில் கழிக்கலாம். முதல் வீட்டுக்கென எடுக்கும்போதும் வரி இல்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பியில் இருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கும் திட்டத்தில், 2024 ஏப்ரல் 16க்குப் பிறகு ஒருவர் 60,000 டொலர் வரை எடுக்கலாம். பிறகு அதை 15 ஆண்டுகளில் திருப்பிப் போட வேண்டும்.

இவை ஆயுள் முழுவதையும் கிளறுவதில்லை. நடப்பு ஆண்டையும் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளையும்தான் பார்க்கின்றன. அதிலும், வீடு சொந்தமா என்பதோடு நீ அதில் குடியிருந்தாயா என்றும் கேட்கின்றன. 2021இல் தன் வீட்டை விற்று வெளியேறிய ஒருவர் 2026 பிறந்ததும் மறுபடி ‘முதல் வீடு’ வாங்குபவர் ஆகிவிடுகிறார். அதே ஆளை ஒன்ராறியோ ஒருபோதும் அப்படி ஏற்காது.

உன் விஷயத்தில் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கலியாணம் முடிந்து நீ மாமியார் வீட்டுக்குக் குடிபோனால், அந்த வீட்டில் அவர் பெயர் இருப்பதால், துணைக்குச் சொந்தமான வீட்டில் வசிப்பவள் ஆகிவிடுவாய். அதன் பிறகு எஃப்.எச்.எஸ்.ஏ திறக்க முடியாது, ஆர்.ஆர்.எஸ்.பி திட்டமும் தடைப்படும். ஆனால் எஃப்.எச்.எஸ்.ஏ கணக்கைத் திறக்கும்போது துணையின் வீட்டையும் பார்ப்பவர்கள், பணத்தை எடுக்கும்போது உன் சொந்த உரிமையை மட்டுமே பார்க்கிறார்கள். ஆகவே கலியாணத்துக்கு முன்பே, உன் பெற்றோர் வீட்டில் இருக்கும்போதே, கணக்கைத் திற. கையில் பெரிய தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திறந்த பிறகுதான் வருடாந்த இடம் சேரத் தொடங்கும்.

அடுத்து அவரிடம் கேட்க வேண்டியது. பெற்றோரின் வருமானம் போதாமல் வங்கி பிள்ளையின் பெயரையும் சேர்க்கச் சொல்வது எங்கள் சனத்திடையே வழக்கம். அந்தப் பெயர் எங்கே சேர்ந்தது என்பதுதான் கேள்வி. மோட்கேஜுக்கு உத்தரவாதம் தந்து கையெழுத்து மட்டும் வைத்தாரா, வீட்டின் உரிமைப் பதிவிலும் பெயர் ஏறியதா? கடனில் மட்டும் பெயர் இருப்பவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல. பதிவில் ஏறியிருந்தால், ஒரு வீதப் பங்கு என்றாலும் பங்குதான். பலருக்குத் தாங்கள் எதில் கையெழுத்து வைத்தோம் என்று நினைவிருக்காது. சட்டத்தரணியிடம் சொன்னால் அந்த வீட்டின் பதிவை எடுத்துத் தருவார். பெற்றோருக்காகப் பெயரை மட்டும் கொடுத்தேன், காசு ஒரு சதமும் போடவில்லை என்று அவர் சொன்னால், அதையும் சட்டத்தரணியிடம் விவரமாகச் சொல்லுங்கள். அதற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். கலியாணத்துக்கு முன் பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தால் அவசரப்படாதீர்கள். கடனும் அவர் பெயரில் இருந்தால் வங்கி சம்மதிக்க வேண்டும். பெயர் மாற்றும்போதே வரி வரலாம்.

அவரிடம் கேட்குமுன் உன் அம்மாவிடம் ஒன்று கேள். யாழ்ப்பாணத்து வீட்டை அம்மம்மா யாருக்கு எழுதினார்? சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, பேத்தியின் பெயரில் நன்கொடை உறுதி முடிக்கும் வழக்கம் ஊரில் இன்றும் உண்டு. நீ குழந்தையாக இருந்தபோது அப்படி ஒன்று எழுதப்பட்டிருந்தால் உனக்கே தெரியாமல் போயிருக்கலாம். நீ அந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்பதால் ஒட்டாவாவின் திட்டங்களுக்கு அது தடையில்லை. ஒன்ராறியோ கேட்பதோ உலகில் எங்கேனும் ஒரு பங்கு உண்டா என்று. உறுதியின் பிரதியை எடுப்பித்துச் சட்டத்தரணியிடம் காட்டு.

துணை என்றால் யார், எப்போது முதல் என்பதையும் தெரிந்துகொள். சட்டப்படி பதிவு நடந்த நாள்தான் கணக்கு, மண்டபத்தில் தாலி கட்டும் நாள் அல்ல. நம்மவர் பலர் எழுத்தைச் சில மாதம் முன்னரே முடித்துவிடுகிறார்கள். அந்தத் திகதிக்கு முன்பே மேலே சொன்னவற்றைச் செய்ய வேண்டும். பதியாமல் சேர்ந்து வாழ்வோருக்கும் விதி உண்டு. வருமான வரிக்கு 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் துணை. நில மாற்று வரிக்கு மூன்று ஆண்டுகள். இருவருக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கால எல்லைகள் பொருந்தாது.

எல்லாம் கேட்டறிந்த பிறகு தகுதி இல்லை என்று தெரிந்தால், இல்லை என்றே எழுதிக் கொடுங்கள். “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று சொல்பவர், பின்னாளில் அரசு தொகையைத் திருப்பிக் கேட்கும்போது உங்களோடு நிற்க மாட்டார். படிவத்தில் இருப்பது உன் கையெழுத்து.

இதையெல்லாம் அவரிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது, சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று எழுதியிருந்தாய். மகளே, 25 வருடக் கடனில் ஒன்றாகக் கையெழுத்து வைக்கப் போகும் இருவர் ஒருவர் பெயரில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குச் சொல்வது சந்தேகம் அல்ல, மரியாதை. உன் பக்கத்து உறுதியை முதலில் நீயே அவர் முன் வை. அதன் பிறகு அவருடையதைக் கேட்பது எளிது. சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பேச்சு உங்கள் இருவருக்கும் தேவை. அதை எழுத்துத் திகதிக்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
சித்தி